லட்சத்து அறுபதாயிரம் ஓடிய வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திருத்தணியில் பூக்கடை, மாதம் இரண்டு முறை அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, இனிமேல் பஸ்ஸில் அவரால் முடியாது, கையில் மூன்றரை லட்சம் வரை புரட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்து வைத்திருக்கும் இரண்டு வண்டியும் ஸ்விஃப்ட் டிசையர் டீசல். ஒன்று நகரியில் இருக்கிறது: 2014 மாடல், ஆந்திர எண், ஒரே ஓனர், 1,62,000 கிலோமீட்டர் ஓடியது, சர்வீஸ் பில்கள் கட்டாக இருக்கின்றன. மற்றது சென்னைப் பக்கம் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில்: 2013 மாடல், தமிழ்நாட்டு எண், மீட்டரில் 61,000, புதுசு மாதிரி மின்னுகிறது, பில் ஒன்றுகூட இல்லை, விலை நாற்பதாயிரம் அதிகம். வீட்டில் எல்லோரும் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்கிறார்கள் என்கிறீர்கள்.

நான் நகரி வண்டியைச் சொல்வேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு லட்சம் தாண்டிவிட்டால் வண்டி முடிந்தது என்ற பயம் நம் ஊரில் பழைய காலத்திலிருந்து வருவது. அப்போதைய கார்கள் பலவற்றில் மீட்டருக்கே ஐந்து இலக்கம்தான். 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். அதற்குள் இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் நிலைமையும் வந்திருக்கும். நீங்கள் பார்த்த டிசையரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். இதே இன்ஜின் ஸ்விஃப்ட், ரிட்ஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல வண்டிகளில் வந்திருப்பதால், 2020-இல் மாருதி டீசலை நிறுத்திய பிறகும் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் ஊர் வழியாகத் திருப்பதி போகும் டாக்சி டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு லட்சம் தாண்டி ஓடும் டிசையர்களைக் காட்டுவார்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றி நெடுஞ்சாலையில் சீராக ஓடிய லட்சத்தைவிட, ஆயில் மாற்றாமல் ஊருக்குள் கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டிய ஐம்பதாயிரம்தான் இன்ஜினைத் தின்னும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2014-லிருந்து 1,62,000 என்றால் நாளைக்கு நாற்பது கிலோமீட்டர். நகரியிலிருந்து புத்தூருக்கு வேலைக்குப் போய்வந்த ஒருவருடைய வாழ்க்கைக்கு அது பொருந்துகிறது. மற்ற வண்டிக்குப் போட்டுப் பாருங்கள்: நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டர். ஷோரூமில் பெட்ரோலைவிட அதிக விலை கொடுத்து டீசல் வாங்கியவர், பன்னிரண்டு வருடமாகக் காய்கறிக் கடைக்கு மட்டும் போய்வந்தாரா? இருக்கலாம். அப்படியானால் அதற்கு ஒரு காகிதமாவது இருக்க வேண்டும். டிஜிட்டல் மீட்டரைத் திருப்ப வண்டியைப் பிரிக்கக்கூட வேண்டாம். ஒரு கருவியைச் செருகினால் சில நிமிட வேலை. "டாக்டர் வைத்திருந்த வண்டி சார்" என்பது வாய்ச்சொல். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்தால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற பதிவு இருக்கும். ஓனரைக் கூடவே அழைத்துப்போய் அதைப் பார்க்க வேண்டும். ஓனர் வர மாட்டார், பதிவும் இல்லை என்றால் அந்த 61,000 வெறும் எண்.

மீட்டரைத் திருப்புகிறவர்கள் எல்லா இடத்தையும் திருப்புவதில்லை. கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். வரி தேய்ந்து வழவழப்பாக இருக்கிறதா? டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து ஸ்பாஞ்ச் அமுங்கியிருக்கிறதா? ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளக்கிறதா? 61,000 ஓடிய வண்டியில் இவை இவ்வளவு தேயாது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஆர்.சி. விவரத்தில் முன்பு டி போர்டாக, அதாவது டாக்சியாக, இருந்ததா என்றும் பாருங்கள். டாக்சியை ஓன் போர்டாக மாற்றுவது சட்டப்படி சரியானதுதான். மறைத்து விற்பதுதான் தப்பு.

சென்னைப் பக்கத்து வண்டிக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்த நகரத்தில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் சில துடைத்து, பெயின்ட் அடித்து, வெளியூர்க்காரர் கையில் போய்ச் சேர்ந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பித் தடத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், கார்ப்பெட்டைத் தூக்கினால் பூஞ்சை வாடை, இதில் ஒன்று இருந்தாலும் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். வயரிங்கில் நுழைந்த தண்ணீர் வருடக்கணக்கில் தொல்லை கொடுக்கும்.

இனி என் நிபந்தனை. நகரி வண்டியின் இன்ஜினைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆந்திர எண்தான் கவலை.

உங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்தது. எல்லை மாறியது, பெண் கொடுத்ததும் எடுத்ததும் மாறவில்லை. பாதிச் சொந்தம் நகரியிலும் புத்தூரிலும் இருக்கும். அதனால் "நம்ம ஆளு வண்டிதானே, ஓட்டிக்கோ, பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்வார்கள். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்வதைக் காட்டிச் சமாதானம் சொல்வார்கள். அது புது எண் வாங்குவதற்கான கெடு. வண்டியை விலைக்கு வாங்கியவர், தான் குடியிருக்கும் பகுதியின் ஆர்.டி.ஓ.விடம் முப்பது நாளில் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது வேறு பிரிவு.

அதற்கு முதல் படி என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28. விற்பவர்தான் தன் ஆர்.டி.ஓ.விடம், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிட்டு வாங்கித் தர வேண்டும். பாங்க் கடன் இருந்தால் முதலில் அது ஆர்.சி.யிலிருந்து நீங்க வேண்டும். அதற்குப் படிவம் 35-உம் பாங்கின் கடிதமும். கட்டாத அபராதம் ஏதாவது நின்றாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். பிறகு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஆயுள் வரி. வண்டியின் விலையையும் வயதையும் வைத்துப் போடுவார்கள். சின்னத் தொகையாக இருக்காது. பேரத்தை முடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். நாற்பதாயிரம் மலிவு என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பகுதி இதிலேயே கரையக்கூடும். கரைந்தாலும் நான் அந்த வண்டியைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதன் கதை முழுவதும் காகிதத்தில் இருக்கிறது.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டு வெற்றாகக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கை மாறிக் கை மாறிப் போகும். பெயர் மட்டும் முதல் ஆளிடமே நிற்கும். 2007-இல் விற்கப்பட்டு, பெயர் மாறாமலே பல கை போன ஒரு வண்டி 2009-இல் விபத்தை ஏற்படுத்தியது. அந்த விபத்து தொடர்பான நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. இதைச் சொன்னால் நகரிக்காரரே உங்களைவிட அவசரமாக ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடுவார். உங்கள் பக்கத்து ஆபத்து இன்ஷூரன்ஸ்: எதிராளிக்கான பங்கு வாங்கியவருக்குத் தொடரும், வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பங்கு தானாக மாறாது. பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள்.

ஓட்டிப் பார்க்க உங்களுக்கு வேறு ஊர்க்காரருக்கு இல்லாத வசதி இருக்கிறது, உங்கள் ஊர்க் கோயிலுக்கு ஏறும் மலைப்பாதை. கிருத்திகைக் கூட்டம் இல்லாத ஒரு வார நாளில், விடியற்காலையில், பழக்கமான மெக்கானிக்கோடு நகரிக்குப் போங்கள். பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது கிளம்பாமல் ஆறும் வரை உட்காருங்கள். குளிர்ந்த நிலையில் ஒரே சாவியில் பிடிக்க வேண்டும். வண்டியை அப்படியே திருத்தணிக்கு ஓட்டி வந்து, நாலு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, கோயிலுக்கு ஏறுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் போயிருக்கிறது. வெப்ப முள் பாதியைத் தாண்டக் கூடாது. பின்னால் ஒரு பைக்கில் தம்பி யாராவது வரட்டும். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலை எரிக்கிறது. இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா, பள்ளத்தில் விழுந்தால் அடியில் கடகடவென்கிறதா என்று கவனியுங்கள். கீழே வந்து நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியை மெல்லத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருவது கெட்ட அடையாளம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் தொடாதீர்கள்.

கிளட்சும் புஷ்களும் டயரும் இந்த வயதில் தேய்ந்திருப்பது இயல்பு. அவற்றைக் குறையாகச் சொல்லி விலையைக் குறையுங்கள். அவற்றுக்காக வண்டியை விட்டுவிட்டு வர வேண்டாம். மூன்றரை லட்சம் முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிடாமல் ஐந்தில் ஒரு பங்கை வரிக்கும் வேலைக்கும் ஒதுக்குங்கள். அட்வான்ஸ் கொடுங்கள், ஆனால் பெரிய தொகையை என்.ஓ.சி. கைக்கு வந்த அன்று, பாங்க் வழியாகக் கொடுங்கள்.

மலையேறும் அன்று அம்மாவும் வண்டியில் இருக்கட்டும். டிசையர் தாழ்வான வண்டி. பின் சீட்டில் உட்கார்ந்து, யார் கையும் பிடிக்காமல் அவரால் எழுந்து இறங்க முடிகிறதா என்று இரண்டு மூன்று முறை பாருங்கள். முட்டி வலிக்கிறது என்றால் இந்த இரண்டு வண்டியுமே வேண்டாம். எனக்கு மறுபடி எழுதுங்கள். இதே பணத்துக்குள் கொஞ்சம் உயரமான வண்டியாகத் தேடலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்