கிழங்கில் தொடங்கும் பசை: மாவுச்சத்தின் மதிப்பை அறிவோம்

சலவை செய்த வேட்டியின் விறைப்பு, அட்டைப் பெட்டியின் அடுக்குகளைப் பிடித்து நிற்கும் பசை, மாத்திரையை உதிராமல் காக்கும் பிணைப்பு, தக்காளிச் சாஸின் கெட்டித்தன்மை ஆகிய நான்கிலும் பெரும்பாலும் ஒரே பொருளே பணி செய்கிறது. அது மாவுச்சத்து. நாம் அன்றாடம் உண்ணும் பொருளாக மட்டுமே அறிந்த இது, ஆலைகளுக்கு மிகப் பெரிய அளவில் தேவைப்படும் தொழில் மூலப்பொருளும் ஆகும்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய அட்டப்பாடி மலைப்பகுதியில் அகளி, புதூர், சோளையூர் ஆகிய மூன்று ஊராட்சிகள் உள்ளன. இத்தகைய எல்லைப்புற மலை ஊர்களில் மரவள்ளி பயிரிடுவோர் எழுப்பும் கேள்விகள் சில உண்டு. கிழங்கை அப்படியே விற்பதா? மாவாக்கி விற்பதா? ஆலை வைக்கக் கடன் கிடைக்குமா? இவற்றுக்கு விடை காண, மாவுச்சத்தை வாங்குபவர் அதில் எதற்காக விலை கொடுக்கிறார் என்பதை முதலில் அறிய வேண்டும்.

கிழங்கு வந்த வழி

மரவள்ளி தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. போர்த்துகீசியர் வழியாகக் கேரளக் கரையை அடைந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வரத்து நின்றுபோன காலத்தில், கேரள மக்களின் பசியைப் போக்கியதில் இக்கிழங்குக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே போர் சேலத்தில் ஒரு தொழிலையும் தோற்றுவித்தது. கிழக்காசிய நாடுகளிலிருந்து வந்த ஜவ்வரிசி தடைப்பட்டதால், 1943–44 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் முயற்சி குடிசைத் தொழிலாகத் தொடங்கியது. பின்னர் அது நூற்றுக்கணக்கான ஆலைகளாக வளர்ந்தது. 1981-ஆம் ஆண்டில் உற்பத்தியாளர்கள் கூடி ‘சேகோசர்வ்’ என்னும் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட எச்-226 போன்ற இரகங்கள் சேலம் வட்டார ஆலைகளுக்கு நெடுங்காலமாக மூலப்பொருள் அளித்து வருகின்றன.

பச்சை மாவின் குறைகள்

கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி, அரைத்து, நீர் விட்டு வடிகட்டினால் மாவுப்பால் கிடைக்கும். நார்ப்பகுதி திப்பியாகப் பிரியும். மாவுப்பாலைத் தெளியவைத்து உலர்த்தினால் கிடைப்பது இயல்பான மாவுச்சத்து. வணிகத்தில் இதனைப் பச்சை ஸ்டார்ச் என்பர். குளிர்ந்த நீரில் இது கரையாது. ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மாவுத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, பிசின் போலாகின்றன. நம் வீட்டுக் கஞ்சி கெட்டிப்படுவதும் இவ்வாறே.

மரவள்ளி மாவின் கஞ்சி தெளிவானது; தனி மணமோ சுவையோ அற்றது; புரதமும் கொழுப்பும் மிகக் குறைந்தது. இவை அதன் சிறப்புகள். எனினும் ஆலைப் பயன்பாட்டில் மூன்று குறைகள் தலைகாட்டுகின்றன. நெடுநேரம் கொதிக்க வைத்தாலும் வேகமாகக் கலக்கினாலும் கஞ்சி நீர்த்துப் போகும். புளிப்புப் பொருளுடன் சேர்ந்தால் கெட்டித்தன்மை குலையும். ஆறிய பின் நாளடைவில் இறுகி நீர் கக்கும். இக்குறைகளை நீக்க மாவுச்சத்தின் இயல்பைத் திருத்துகின்றனர். அவ்வாறு பெறப்படுவதே மாற்றியமைக்கப்பட்ட மாவுச்சத்து.

திருத்தும் முறைகளும் பயன்களும்

முதலாவது, மென் அமில முறை. நீர்த்த அமிலத்தில் மாவை ஊறவைத்துப் பின் நடுநிலையாக்கினால், அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஓரளவு துண்டாகின்றன. அப்போது கஞ்சியில் மிகுதியான மாவைக் கரைத்தாலும் அது இளக்கமாகவே இருக்கும். சோமனூர், பல்லடம் வட்டார விசைத்தறிகளுக்குப் பாவு நூலை ஆயத்தம் செய்யும் சைசிங் ஆலைகளுக்கு வேண்டியது இதுவே. கஞ்சி நூலின் உள்ளே ஊடுருவி, மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்தால்தான் தறியின் உராய்வில் இழை அறாது. நெசவு முடிந்தபின் இக்கஞ்சியை அமைலேஸ் நொதியால் நீக்கிவிடலாம்.

இரண்டாவது, மின்னேற்ற முறை. காகிதக் கூழின் நார்கள் எதிர்மின் தன்மை உடையவை. மாவுச்சத்துக்கு நேர்மின் தன்மை ஊட்டினால் அது நாருடன் ஒட்டிக்கொள்கிறது. இதனால் காகிதம் வலுப்பெறுவதோடு, நுண்ணிய நார்களும் நிரப்புப் பொருளும் கழிவுநீரில் வீணாகாமல் காகிதத்திலேயே தங்குகின்றன. காகிதத்தின் மேற்பரப்பில் மை பரவாதிருக்கப் பூசப்படுவது பெரும்பாலும் ஆக்சிஜனேற்றம் செய்த மாவுச்சத்து. கரூர் மாவட்டப் புகளூர், ஈரோட்டை அடுத்த பள்ளிபாளையம் போன்ற இடங்களின் காகித ஆலைகளை இங்கு நினைவில் கொள்ளலாம்.

மூன்றாவது, வறுக்கும் முறை. உலர்ந்த மாவில் சிறிது அமிலம் தெளித்து வறுத்தால் டெக்ஸ்ட்ரின் கிடைக்கும். இது நீரில் எளிதில் கரையும் நல்ல ஒட்டுப்பசை. அஞ்சல் உறைகள், சிட்டைகள், காகிதக் குழாய்கள் ஆகியவற்றில் பயன்படுகிறது. பட்டாசுத் தொழிலிலும் பிணைப்பானாகிறது.

நான்காவது, குறுக்கிணைப்பு முறை. மாவுச்சத்தின் சங்கிலிகளிடையே வேதிப் பாலங்கள் அமைத்தால், கொதிநிலையிலும் புளிப்பிலும் அது கலங்காது. சாஸ், சூப்புப் பொடி, பழக்கூழ் போன்ற உணவுகளில் இவ்வகை இடம்பெறுகிறது. பொட்டலத்தின் மேல் ஐஎன்எஸ் 1422, 1442 போன்ற எண்களைக் கண்டால், அவை இத்தகைய மாவுச்சத்தைக் குறிப்பன என்று அறியலாம். இவை உணவுச் சட்டத்தின் அனுமதிக்கு உட்பட்ட சேர்பொருள்கள். ஆனால் தொழிற்சாலைத் தரப் பசைமாவும் உணவுத்தர மாவும் வெவ்வேறானவை; ஒன்றின் இடத்தில் மற்றொன்றை விற்பது குற்றம்.

அட்டைப் பெட்டித் தொழிலில் ஓர் அழகிய உத்தி உண்டு. மாவில் ஒரு சிறு பகுதியை மட்டும் காய்ச்சி, மிகுதியைப் பச்சையாகவே அதில் மிதக்க விட்டு, சிறிது காஸ்டிக் சோடாவும் போராக்ஸும் சேர்ப்பர். வெப்ப உருளையில் தாள்கள் சேரும் தருணத்தில் பச்சை மாவு அங்கேயே வெந்து பற்றிக்கொள்ளும். மருந்துத் தொழிலில் மாவுச்சத்து இரு எதிரெதிர்ப் பணிகளைச் செய்கிறது. பசையாகக் காய்ச்சிச் சேர்த்தால் மாத்திரையைப் பிணைக்கிறது. உலர் தூளாகச் சேர்த்தால் வயிற்றில் நீர் பட்டதும் பருத்து மாத்திரையை உடைக்கிறது.

செயற்கைப் பிணைப்பான்களும் மக்காச்சோளமும்

மாவுச்சத்து எல்லா இடத்திலும் வெல்வதில்லை. பாலியஸ்டர் கலந்த நூலில் அது நன்கு பற்றுவதில்லை. எனவே பாலிவினைல் ஆல்கஹால், அக்ரிலிக் போன்ற செயற்கைப் பிணைப்பான்களை அதனுடன் கலந்தோ தனித்தோ பயன்படுத்துகின்றனர். தச்சுத் தொழிலின் வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட் என்னும் செயற்கைப் பொருள். ஈரம் தாங்க வேண்டிய இடங்களில் இவையே மேலானவை. விலை மலிவும், மண்ணில் எளிதில் மட்கும் தன்மையும் மாவுச்சத்தின் பக்கம் நிற்கின்றன.

மற்றொரு போட்டியாளர் மக்காச்சோள ஸ்டார்ச். பெரிய ஆலைகளில் ஆண்டு முழுதும் உற்பத்தியாவதால், அதன் விலை சரிந்தால் மரவள்ளி மாவின் விலையும் அழுத்தத்துக்கு உள்ளாகிறது. எனவே மரவள்ளி விவசாயியின் வருவாய், அவர் காணாத சோளச் சந்தையாலும் தீர்மானிக்கப்படுகிறது.

‘பாயிண்ட்’ கணக்கு

சேலம் ஆலைகள் கிழங்கின் மாவுச்சத்து விழுக்காட்டை ‘பாயிண்ட்’ எனக் கணித்து விலை தருகின்றன. புரிதலுக்காக ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். டன்னுக்குப் பாயிண்ட் ஒன்றுக்கு ரூ.300 என்று கொள்வோம். 28 பாயிண்ட் கிழங்கு டன்னுக்கு ரூ.8,400 பெறும், 23 பாயிண்ட் கிழங்கு ரூ.6,900 மட்டுமே பெறும். எடை ஒன்றே, வேறுபாடு ரூ.1,500. வறட்சிக்குப் பின் மழை பெய்து செடி புதிதாகத் துளிர்த்தால், கிழங்கில் சேமித்த மாவுச்சத்து குறையும். ஆகவே அறுவடை நாளைத் தேர்வதும் வருவாயைத் தீர்மானிக்கும் முடிவுகளில் ஒன்று.

மேலும், பச்சைக் கிழங்கில் 60 விழுக்காட்டுக்கு மேல் நீர் இருக்கிறது. அகளியிலிருந்து 10 டன் கிழங்கை ஏற்றி ஆனைகட்டி மலைப்பாதையில் இறங்கிக் கோவை வழியே சேலம் செல்லும் லாரி, 6 டன்னுக்கு மேல் நீரைச் சுமக்கிறது. வாடகை அந்நீருக்கும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் உட்புறம் கருத்துக் கெடத் தொடங்குவதால், ஆலை வாயிலில் விலை படியாவிடில் திரும்பக் கொண்டுவரவும் இயலாது. பேரத்தில் விவசாயியின் கை தாழ்வதற்கு இதுவே காரணம்.

மலை ஊருக்கு ஏற்ற வழி எது?

அகளியிலேயே ஸ்டார்ச் ஆலை அமைப்பது முதலில் தோன்றும் தீர்வு. ஆனால் ஈர முறையில் மாவெடுக்க மிகுந்த நீர் வேண்டும். வெளியேறும் கழிவுநீர் புளித்து நாறும் தன்மையது, கிழங்கின் சயனைடுக் கூறுகளையும் கொண்டது. பவானியும் சிறுவாணியும் ஓடும் மலைச்சரிவில் இதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறுவது எளிதன்று. எளிதாக இருத்தலும் கூடாது. சேலம் வட்டாரத்தில் பல ஆலைகள் இக்கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் அமைப்புகளை நிறுவியுள்ளன. அச்செலவைச் சேர்க்காத திட்ட அறிக்கை முழுமையற்றது.

இதனினும் எளிய வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, கிழங்கைச் சீவி உலர்த்துதல். கேரளத்தில் வழங்கும் வாட்டுக் கப்பை போல, வேகவைத்து நன்கு உலர்த்திய துண்டு பல மாதம் கெடாது. சுமைக்கூலியும் வெகுவாகக் குறையும். விற்கும் நாளை விவசாயியே தேர்ந்துகொள்ளலாம். மற்றொன்று, ஆயத்த ஸ்டார்ச்சை வாங்கி டெக்ஸ்ட்ரின், பசைத்தூள் போன்றவை தயாரித்தல். வறுக்கும் முறையில் கழிவுநீர் மிகக் குறைவு. ஆயினும் காற்றில் பறக்கும் மாவுத்தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கக் கூடியது; தூசு அகற்றும் அமைப்பும் தீக்காப்பீடும் இன்றியமையாதவை.

கடன் கேட்கும் முன்

வங்கிக்கு வருமுன் வாடிக்கையாளர் தமக்குத் தாமே விடை கண்டுகொள்ள வேண்டிய வினாக்கள் ஐந்து.

1. என் பொருளை வாங்குபவர் யார்? சைசிங் ஆலையா, அட்டைப்பெட்டி ஆலையா, உணவு நிறுவனமா? அவர் கேட்கும் ஈரப்பதம், வெண்மை, கஞ்சியின் கெட்டித்தன்மை ஆகியவற்றை எழுத்தில் பெற்றிருக்கிறேனா?

2. தரத்தைச் சோதிக்க என்னிடம் கருவி உண்டா? ஒரு லோடு திருப்பி அனுப்பப்பட்டால் ஒரு மாத இலாபம் மறையக்கூடும்.

3. கிழங்கு வரத்து சில மாதங்களே இருக்கும்; விற்பனை ஆண்டு முழுதும் நடக்கும். இடைக்காலச் சரக்கைத் தாங்கும் நடைமுறை மூலதனத்தைக் கணக்கிட்டேனா? பதிவு பெற்ற கிடங்கில் வைத்த சரக்கின் ரசீதின் பேரில் கடன் பெறும் வசதியை அறிவேனா?

4. சோளமாவு விலை வீழ்ந்தால் எத்தனை மாதம் தவணை செலுத்த இயலும்?

5. மாசுக் கட்டுப்பாட்டு இசைவு, உத்யம் பதிவு, உணவுப் பொருளாயின் உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவை ஆயத்தமா?

உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கு, 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் திட்டம் தகுதியான திட்டச் செலவில் 35 விழுக்காடு, உச்ச அளவாக ரூ.10 லட்சம், மானியமாக அளிக்க வகை செய்தது. இது உணவுத் தொழிலுக்கானது. தொழிற்பசைக்கு இதனைக் கோர இயலாது. திட்டம் தற்போது எந்நிலையில் உள்ளது என்பதைக் கிளையில் கேட்டறிக. பிணையில்லா வேளாண் கடன் வரம்பு 2025 ஜனவரி 1 முதல் ரூ.1.6 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டுள்ளது. பழங்குடி மக்களின் நிலத்தைக் கைமாற்றச் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ள அட்டப்பாடியில், நிலப் பிணையை நாடாத இத்தகைய கடன்களும், குழுக்கள் வழியாகப் பெறும் கடன்களும் கூடுதல் பயனுடையவை.

உலர்த்தும் களம், தரையிலிருந்து உயர்ந்த சேமிப்பறை, ஈரமானி ஆகிய மூன்றுக்கும் ஆலை அளவிலான முதலீடு வேண்டியதில்லை. பத்துப் பேர் கூடினால் அதுவும் பகிர்ந்துபோகும். அடுத்த அறுவடைக்கு முன் வாங்குபவர் ஒருவரிடம் தரக்குறிப்பை எழுத்தில் பெற்று, அதனுடன் கிளைக்கு வாருங்கள். திட்ட அறிக்கையை அங்கிருந்து தொடங்கலாம்.