தலைப்பிரசவம்: தடாவிலா, தாய்வீட்டிலா?

கேள்வி: மகளைத் தடாவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நாங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம். தலைப்பிரசவம், ஏழாம் மாதம் நடக்கிறது. வளைகாப்பு முடித்து அழைத்து வரப்போகிறோம். ரத்தம் 8.6 என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். ஆந்திராவில் பதிந்தவளை இங்கே அரசு ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்களா? பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது நல்லது?

பதில்: தாராளமாகச் சேர்ப்பார்கள், அம்மா. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம் என்று 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் நாடு முழுவதற்கும் பொது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மட்டும் தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

எனக்குக் கவலை அந்த 8.6-தான். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே சோகை. பிள்ளை பிறந்ததும் எல்லாருக்கும் கொஞ்சம் ரத்தம் போகும்; சோகை பிடித்த உடம்பு அதைத் தாங்காது. ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போய்விடும். அதனால் ரத்தம் ஏற்றவும் உடனே அறுவை செய்யவும் வசதியுள்ள இடம்தான் உங்கள் மகளுக்கு வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் நன்றாகவே பார்ப்பார்கள். ஆனால் இவளுக்கு அது போதாது.

தடாவிலிருந்து வடக்கே போனால் சூலூர்பேட்டை. அங்கே முடியாவிட்டால் திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனை. ஏறக்குறைய 100 கிலோமீட்டர். (2022-ல் தடா நெல்லூரை விட்டுத் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது.) உங்கள் பக்கம் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, அதற்கு மேல் சென்னை ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை. பெரிய மருத்துவமனை உங்கள் வீட்டிலிருந்துதான் கிட்ட. ஆகவே அழைத்து வாருங்கள். வலி கண்ட பிறகு அல்ல, இப்போதே. வந்ததும் பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரிக்கு நேரில் போய், ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, ரத்தம் கையிருப்பு உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். இல்லை என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏழு மாதம் ஆகிவிட்டதால் மாத்திரை மட்டும் போதுமா, நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டுமா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை டாக்டரே இலவசமாகப் பார்க்கிறார். அதுவரை காத்திருக்க வேண்டாம். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு கொடுக்காதீர்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள்.

புறப்படும்போது தாய்-சேய் அட்டையையும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். தடா நர்சிடம் சொல்லிவிட்டு, வந்த மறுநாளே உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். 108-ஐ அழைத்தால் முதலில் மாநிலத்தையும் ஊரையும் சொல்லுங்கள். எல்லையோரத்தில் அது முக்கியம்.

குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை ஊசி. ஆறாம் வாரத் தடுப்பூசிக்குள் மகள் தடா திரும்பிவிட்டால் அங்கேயே போடலாம். பிறப்பைப் பிரசவம் நடந்த ஊரில் 21 நாளுக்குள் பதிய வேண்டும்.