கடுகெண்ணெய் காட்டும் பாடம்

கடுகு வயல்களில் பிரமதண்டு என்னும் முட்செடியும் வளர்வதுண்டு. இரண்டின் விதைகளும் ஏறக்குறைய ஒரே தோற்றமுடையவை. ஆயினும் உருப்பெருக்கியால் நோக்கின், கடுகு வழுவழுப்பாகவும் பிரமதண்டு விதை வலைபோன்ற வரிகளுடனும் காணப்படும். இவை கலந்து ஆட்டப்பெற்ற எண்ணெயிலுள்ள நச்சுப்பொருள் கால் வீக்கத்தையும் இதய நலிவையும் விளைவிக்கும். 1998-ஆம் ஆண்டில் தில்லியில் இதனால் சுமார் 60 பேர் மாண்டனர்.

எண்ணெயுடன் அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்துக் குலுக்கினால், கலப்படமிருப்பின் அமிலப் பகுதி செம்மஞ்சள் நிறமாகும். வேறு சில எண்ணெய்களும் இந்நிறம் தரக்கூடுமாதலால், நிறப்பிரிகைச் சோதனையால் உறுதி செய்தல் வேண்டும்.

இரசாயன அறிவு மட்டும் போதாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மாதிரி நான்கு பகுதிகளாக்கப்பெறும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்லும். அவர் 14 நாட்களுக்குள் அறிக்கை தருதல் வேண்டும். இரண்டு மேலதிகாரியிடம் காப்பிலிருக்கும். எஞ்சியது, வணிகர் கோரின், அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்திற்கு அனுப்பப்பெறும். முத்திரையில் பிழை நேரின், சரியான ஆய்வு முடிவும் வழக்கில் நிலைபெறாது போகலாம். நஞ்சை விற்றவர் தப்பிவிடுவார்.

ஆதலின், உணவுப் பாதுகாப்பில் பட்ட மேற்படிப்புப் பயில்வோர் ஆய்வகத்தையும் சட்டத்தையும் ஒருங்கே கற்றல் இன்றியமையாதது.