பிக்கப் வண்டியின் முன்பக்கத்துச் சப்தங்களும் பரிகாரமும்

தக்காளி, முருங்கை முதலிய விளைபொருள்களை விடியுமுன் ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளுக்குக் கொண்டு சேர்ப்பதற்கு இக்காலத்து விவசாயிகள் பலர் பிக்கப் வண்டியையே நம்பியிருக்கிறார்கள். தோட்டத்து மண் பாதையிலும் வாய்க்காற் பாலத்திலும் பாரத்துடன் ஓடும் வண்டியின் முன்பக்கத்து உறுப்புக்கள் தேய்வது இயல்பே. தேயும் உறுப்பு பெரும்பாலும் முதலிற் சப்தத்தினாலேயே தன் நிலையைத் தெரிவிக்கும். மாட்டின் நடை சிறிது மாறினும் குளம்பைத் தூக்கிப் பார்க்கும் குடியானவர், வண்டியின் சப்தத்தை மட்டும் பழைய வண்டியின் இயல்பென்று விட்டுவிடுதல் தகாது. சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் முற்றும் தேய்ந்து கழன்றுவிடின், சக்கரம் ஒருபுறம் சாய்ந்து மடங்கும். வண்டி ஓட்டுபவரின் வசத்தில் நில்லாது.

முன்பக்கத்து அமைப்பு பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, அச்சின்மேல் பட்டைகள் கட்டப்பட்டது. மற்றொன்று, ஒவ்வொரு சக்கரமும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்னும் இரண்டு கைகளால் தனித்தனியே தாங்கப்படுவது.

சப்தத்தைக் கேட்டறிதல்

பாரம் இறக்கிய வண்டியை ஒருவர் மெதுவாக ஓட்ட, மற்றொருவர் உடன் அமர்ந்து கவனித்தல் நலம். சப்தம் எழும் சமயமே காரணத்தைக் காட்டும்.

1. சிறு மேடுபள்ளங்களிற் கடகடவென்று ஒலித்தால், ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பும் அதன் ரப்பர் புஷ்களும் தளர்ந்திருக்கலாம். பிரேக்கை இலேசாக மிதித்தவுடன் ஒலி நின்றுவிடின், குற்றம் பிரேக் கட்டையிலேயே உள்ளது.

2. பள்ளத்தில் விழும்போது ‘டொக்’கென்று இடித்தால் பால் ஜாயின்ட், ஆர்ம் புஷ், சாக் அப்சர்பர் ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும்.

3. பிரேக் பிடிக்கும்போதும் புறப்படும்போதும் ஒருமுறை இடித்தால், ஆர்ம் புஷ் கிழிந்திருக்கலாம். பட்டை வண்டியாயின் யு போல்ட் தளர்ந்திருக்கலாம்.

4. மெதுவாக ஏறி இறங்குகையிற் கிறீச்சிட்டால், உலர்ந்த ரப்பர் புஷ்ஷோ கிரீஸற்ற ஷாக்கிள் பின்னோ காரணமாகும். ரப்பர் புஷ் ஒவ்வொன்றிலும் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். எதை நனைத்தவுடன் ஒலி அடங்குகிறதோ அதுவே குற்றவாளி.

5. வேகத்திற்குத் தக்கபடி உறுமல் பெருகினால் அது பெரும்பாலும் சக்கரத்தின் பேரிங்கைச் சேர்ந்தது.

சக்கரத்தை ஆட்டிச் சோதித்தல்

முதலிற் சக்கரத்தின் நட்டுக்கள் இறுகியிருக்கின்றனவா என்று பார்க்க. பலர் மறப்பது இதுவே. பின்பு வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக் போட்டுப் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியினால் தூக்கியபின் உறுதியான இரும்புத் தாங்கியின்மேல் வண்டியை நிறுத்துக. செங்கல்லை அடுக்கி நிறுத்துவதும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவதும் உயிருக்கு அபாயம்.

சுருள்வில் கீழ் ஆர்மின்மேல் அமர்ந்த வண்டியில், அந்த ஆர்மின் வெளிமுனைக்கு அருகிலேயே ஜாக்கியை வைத்துத் தூக்க வேண்டும். சட்டத்தின்கீழ் வைத்தால், வில்லின் அழுத்தத்தினாற் கீழ் பால் ஜாயின்ட்டின் தேய்வு மறைந்துவிடும்.

இப்பொழுது கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டுக. ஆட்டமிருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில். நில்லாவிடில் பால் ஜாயின்ட்டில் அல்லது கிங் பின்னில். 9 மணி, 3 மணி இடங்களில் மாத்திரம் ஆட்டமிருந்தால் டை ராட் முனையைச் சோதிக்க. டயரின் அடியிற் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பினால், பால் ஜாயின்ட்டின் மேல்கீழ் அசைவு கண்ணுக்கே புலப்படும்.

பட்டை வண்டியில் ஒவ்வொரு பட்டையையும் துடைத்து, விரிசல் உண்டா என்று பார்க்க. பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தால் சென்டர் போல்ட் முறிந்திருக்கக்கூடும். சாக் அப்சர்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்ததென்று கொள்க.

பரிகாரம்

கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களிற் பழைய அழுக்குக் கிரீஸ் வெளிவரும்வரை புதியது ஏற்றுக. ஆனால் ரப்பர் புஷ்களின்மேல் கழிவு எண்ணெயையோ டீஸலையோ ஊற்றும் வழக்கத்தை அறவே விடவேண்டும். சப்தம் சிலநாள் அடங்கும். ரப்பர் ஊறி உப்பி விரைவிற் கெட்டுவிடும். அவசியமாயின் ஸிலிகோன் கிரீஸ் மட்டுமே இடலாம்.

புதிய ஆர்ம் புஷ் பொருத்தியபின் அதன் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக முறுக்கலாகாது. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரங்களில் நின்றபின்பே முறுக்க வேண்டும். அன்றேல் ரப்பர் எப்பொழுதும் முறுக்குண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பால் ஜாயின்ட் நட்டின் துளை காட்டர் பின்னுக்கு நேராக வாராவிடின், நட்டைத் தளர்த்தாமல் மேலும் சிறிது முறுக்கியே நேராக்குக. யு போல்ட்டுக்களைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்குக. சாக் அப்சர்பரை இருபுறமும் சேர்த்தே மாற்றுவது முறை. பால் ஜாயின்ட், ஆர்ம், டை ராட் இவற்றைத் தொட்ட பின்பு சக்கரங்களின் நேர்நிலையைப் பட்டறையிற் சரிபார்க்காவிடில், புது டயர் ஓரம் தேய்ந்து வீணாகும்.

பால் ஜாயின்ட்டிலோ டை ராட் முனையிலோ ஆட்டம் கண்ட வண்டியை, செப்பனிடும்வரை ஒரு மூட்டையும் ஏற்றாது நிறுத்திவைப்பதே விவேகம். ஒருநாட் சந்தை தவறினால் மறுநாள் உண்டு. அறுவடைக்கு முன்னும் மழைக்காலம் கழிந்த பின்னும் இச்சோதனையைச் செய்துகொள்ளும்படி கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் தத்தம் ஊர் வண்டிக்காரர்களுக்கு எடுத்துரைப்பார்களாயின், வீண்செலவும் உயிர்ச்சேதமும் பெரிதும் தவிர்க்கப்படும்.