உறக்கத்தில் செய்யும் நுரையீரல் சோதனை: பெற்றோர் செய்ய வேண்டிய ஆயத்தம்

ஆறு வயதை ஒட்டிய பிள்ளைகள் சொன்னபடி மூச்சை இழுத்துக் குழாயில் ஊதுவார்கள். கைக்குழந்தைக்கும் தளிர்நடைக் குழந்தைக்கும் அது இயலாது. எனவே வாய்வழியே தூக்க மருந்து கொடுத்து, உறங்கும்போது நுரையீரலின் கொள்ளளவையும் மூச்சுக்குழல்களின் நிலையையும் அளக்கிறோம். உறங்கிய பின்னரே மூக்கையும் வாயையும் மூடும் மென்மையான முகமூடியைப் பொருத்துவோம். சில அளவீடுகளுக்கு மார்பைச் சுற்றிய காற்றுச் சட்டை சட்டென இறுகித் தளரும். அதனால் வலி இல்லை. நாடித்துடிப்பையும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் இடைவிடாது கவனிப்போம்.

வெறும் வயிறு மிக முக்கியம். உறக்கத்தில் வாந்தி வந்தால் பால் நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். காலை 10 மணிக்கு மருந்து என்றால், இட்லி, சோறு, பசும்பால், மாவுப்பால் ஆகியவற்றை 4 மணிக்குள்ளும், தாய்ப்பாலை 6 மணிக்குள்ளும், வெறும் தண்ணீரை 8 மணிக்குள்ளும் நிறுத்திவிட வேண்டும். உங்கள் மருத்துவர் வேறு நேரம் குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிள்ளை அழுகிறதே என்று பாட்டி ஒரு பாலாடைப் பால் புகட்டியிருந்தால், மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ளமாட்டோம், சோதனையைத் தள்ளிவைப்போம், அவ்வளவே.

முந்தைய இரவு தாமதமாக உறங்கவைத்து, காலையில் முன்னதாக எழுப்புங்கள். சேரன்மகாதேவியிலிருந்து பேருந்திலோ ரயிலிலோ வருவோர் வழியில் குழந்தையைத் தூங்கவிடக் கூடாது. வழியில் தூங்கிவிட்டால் இங்கே மருந்து கொடுத்தும் உறக்கம் பிடிக்காமல் போகலாம். சன்னல் வழியே வயலையும் வாய்க்காலையும் காட்டிப் பேச்சுக் கொடுங்கள்.

சளி, காய்ச்சல், இருமல் இருந்தாலும், உறக்கத்தில் குறட்டையோ மூச்சுத் தடையோ இருந்தாலும் முன்பே தெரிவியுங்கள். தற்போது தரும் மருந்துகளின் சீட்டையும் பழகிய போர்வையையும் கொண்டுவாருங்கள். விவரம் அறியும் குழந்தையிடம், "மருந்து கசக்கும், குடித்ததும் தூக்கம் வரும், அம்மா பக்கத்தில் இருப்பேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். ஊசியைச் சொல்லி அச்சுறுத்தாதீர்கள்.

நன்கு விழித்து, தண்ணீர் குடித்த பின்னரே வீட்டிற்கு அனுப்புவோம். அன்று குழந்தை தள்ளாடும், தனியே நடக்கவிடாதீர்கள். இருசக்கர வண்டியில் அழைத்துச் செல்லவே கூடாது. திரும்பும் வழியில் மீண்டும் உறங்கினால் தலை முன்னே சாய்ந்து மூச்சு அடைபடலாம். ஆகையால் பெரியவர் இருவர் வாருங்கள். ஒருவர் பயணத்தைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் குழந்தையின் முகத்தையே பார்த்திருக்கட்டும். எழுப்பியும் எழாவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ தயங்காமல் 108-ஐ அழையுங்கள்.