நாமே தைக்கும் தொங்கு படுக்கை

கடந்த விடுமுறையில் நான் தைத்த முதலாவது தொங்கு படுக்கை மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஏறிப் படுத்த தம்பி தொப்பென்று விழுந்தான். முழங்கை வீங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. நானா நண்பர்களோடு மலைப்பக்கம் முகாமிடப் போகும்போது கொண்டுபோகத்தான் அதைத் தைத்தேன். அங்கே கற்களுக்கு மேலே அறுந்திருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அதை விரித்துப் பார்த்தேன். திரைச்சீலை தைத்து மிஞ்சிய தடித்த துணி. துணியில் ஒரு கிழிசலும் இல்லை. நீளம் போதாததால் இரண்டு துண்டுகளை நடுவில் குறுக்கே பொருத்தியிருந்தேன். அந்தப் பொருத்துத்தான் விட்டிருந்தது. சாதாரண பருத்தி நூல், முழுப் பாரமும் அதன்மேல்.

பார்த்துக்கொண்டிருந்த உம்மம்மா கேட்டார்: “ஏணைக்கு ஆராவது தையல் போடுவாங்களா மகள்?”

நாமெல்லாம் ஏணையில் உறங்கி வளர்ந்தவர்கள்தானே. ஒரே சேலை, முனைகளில் முடிச்சு, வளையில் கயிறு, அவ்வளவுதான். பாரத்தைத் துணி தாங்குகிறது, நூல் தாங்குவதில்லை.

இரண்டாவது தடவை துணியிலிருந்து தொடங்கினேன். வீட்டு விறாந்தைக்குப் பருத்தியே சுகம். முகாமுக்கு அது சரிவராது. நனைந்தால் பாரமாகும், காயத் தாமதமாகும், பூஞ்சணம் பிடிக்கும். நைலோன் பாரமற்றது, பலமானது, ஆனால் ஈரத்தில் சற்று இழுபடும். பொலியெஸ்டர் அவ்வளவு இழுபடாது. இவற்றில் ‘ரிப்ஸ்டொப்’ என்றொரு நெசவு உண்டு. சிறு சிறு சதுரங்களாகத் தெரியும் தடித்த இழைகள், ஒரு கிழிசல் ஓடிப் பரவாமல் மறித்துவிடும். தடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். துணியை இரு கைகளாலும் பலமாக இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இழைகள் விலகி இடைவெளி தெரிந்தால் வாங்க வேண்டாம்.

3 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம், ஒட்டில்லாத ஒரே துண்டு. வெட்டிய ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரருகே மெதுவாகக் கொண்டுபோனால் நைலோன் உருகி, நூல் பிரியாது. (உம்மா பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.) ஊசி புதிதாக இருக்கட்டும், நூல் பொலியெஸ்டராக இருக்கட்டும். தையலின் நீளம் 3 மில்லிமீற்றர் அளவு போதும். மிக நெருக்கமாகத் தைத்தால் முத்திரைத் தாள்போல் துளை விழுந்து, அந்த வரிசையிலேயே கிழியும். நீளப் பக்கங்களை மடித்துத் தைத்தேன். இரு முனைகளையும் தடிப்பாக மடித்துத் தைத்த பிறகு, சேலைக்கு மடிப்புப் பிடிப்பதுபோல் சேர்த்து, அந்த மடிப்புக்கு உட்புறமாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். இங்கே தையலின் வேலை, கட்டு வழுக்கி வெளியேறாமல் தடுப்பது மட்டுமே.

கட்டும் விதத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் உறுதி என்று நினைத்திருந்தேன். பௌதிகவியலில் படித்த சமநிலைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோகிராம் ஆளின் நிறை ஏறத்தாழ 600 நியூற்றன். இரு கயிறுகளும் கிடையுடன் 30 பாகையில் இருந்தால் ஒவ்வொன்றிலும் இழுவை 600 நியூற்றன். 10 பாகையில் அது ஏறத்தாழ 1730! பரீட்சைக்காக மனனம் செய்த சமன்பாடு தம்பியின் முழங்கைக்கு இவ்வளவு கிட்ட இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆகவே தொய்வாகக் கட்டினேன். மரப்பட்டை அறுபடாதிருக்க அகலமான நாடா சுற்றினேன். நிலத்திலிருந்து ஒரு முழ உயரம்தான். முதலில் 25 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை வைத்து, ஒரு மணித்தியாலம் கழித்துக் கட்டுகளைப் பார்த்தேன். அசையவில்லை. சற்றுக் குறுக்காகப் படுத்தால் முதுகு வளையாமல் இருக்கிறது என்பதையும் கண்டுகொண்டேன்.

தம்பி இன்னும் ஏற மறுக்கிறான். மூட்டைகளுக்கு அடுத்ததாக அதில் உட்கார்ந்தவர் உம்மம்மாதான், இரண்டு முடிச்சுகளையும் தானே இழுத்துப் பார்த்த பிறகு.