பெரிய எஸ்யூவியோ? முதல்ல அளவுநாடாவை எடுங்கோ

பொட்காஸ்டில வேகமாச் சொல்லிப்போன இலக்கங்களை இங்க ஆறுதலாப் பார்ப்பம். கேள்வி இதுதான்: சென் ஜேம்ஸ் ரவுணில அப்பார்ட்மென்டில இருக்கிற ஒரு குடும்பத்துக்கு ஷெவர்லே டாஹோ மாதிரி முழு அளவு எஸ்யூவி சரிவருமா?

முதல்ல நிலக்கீழ் பார்க்கிங். இங்கத்தைய கோபுரங்கள் பெரும்பாலும் 1960களில எழும்பினவை. டாஹோவை மனசில வைச்சு ஒருத்தரும் தூண் நடேல்ல. ரொறன்ரோவின் இன்றைய விதிப்படி ஒரு பார்க்கிங் இடம் குறைஞ்சது 5.6 மீற்றர் நீளம், 2.6 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம் இருக்கவேணும். இப்போதைய டாஹோ ஏறக்குறைய 5.35 நீளம், 2.06 அகலம், 1.93 உயரம். அப்ப, புது விதிக்குக் கட்டின இடத்திலகூட ஒவ்வொரு பக்கமும் 27 சென்ரிமீற்றர்தான் மிச்சம். அதில கதவைத் திறந்து அம்மம்மா எப்பிடி இறங்குவா? கூரையில பெட்டி பூட்டினால் உள்ளுக்கே போகேலாது. பழைய கட்டடத்தில இதைவிட இறுக்கமாவும் இருக்கலாம். வாசல்ல தொங்குற உயரப் பலகையை வாசியுங்கோ.

"ஆனா இடம் கூட எல்லோ?" எண்டு கேப்பீங்கள். மூண்டாவது வரிசையில ஆக்கள் இருக்கேக்க அதுக்குப் பின்னால டாஹோவில சுமார் 720 லீற்றர் இடம். எங்கட அப்பாமாருக்குப் பிடிச்ச ரொயோட்டா சியன்னா வானில சுமார் 950. ஸ்டைல் இல்லைத்தான், ஆனா கதவு சறுக்கித் திறக்கும். 100 கிலோமீற்றருக்கு டாஹோ சுமார் 14 லீற்றர் குடிக்கும். 2021இல இருந்து ஹைபிரிட்டா மட்டுமே வாற சியன்னா 7க்கும் குறைவு. வருசம் 15,000 கிலோமீற்றர், பெற்றோல் லீற்றர் 1.50 டொலர் எண்டு வைச்சால் 1,600 டொலருக்கு மேல வித்தியாசம்.

டாஹோ எங்க வெல்லும்? இழுக்கிறதில. 3,500 கிலோவுக்கு மேல இழுக்கும். சியன்னா 1,600ஐத் தொடாது. படகோ ட்ரெய்லரோ இருந்தால் வான் சரிவராது. பனிக்கும் நல்லது எண்டு சொல்லுவினம். நாலு சில்லும் இழுத்தால் வெளிக்கிட லேசு, உண்மை. பிரேக் பிடிக்கேக்க அது உதவாது. குளிர்கால ரயர்தான் உதவும்.

எனக்குப் பெரிய யோசனை முன் பொனட் உயரம். அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் நிறுவனம் கிட்டத்தட்ட 18,000 விபத்துகளை ஆராய்ஞ்சு 2023இல முடிவை வெளியிட்டது. பொனட் 40 அங்குலத்துக்கு மேல இருக்கிற வாகனம் அடிச்சால், 30 அங்குலமோ குறைவோ உள்ள சரிவான முகம் கொண்ட வாகனத்தைவிட நடந்துபோறவர் இறக்கிற சாத்தியம் சுமார் 45 வீதம் கூட. வெல்ஸ்லி, ஷேர்போன் சந்தியில பள்ளி விடுற நேரம் நிண்டு பாருங்கோ. 40 அங்குலம் நாலு வயசுப் பிள்ளையின்ர உயரம்.

இவ்வளவுக்குப் பிறகும் வேணும் எண்டால், ரெஸ்ட் டிரைவை ஹைவேயில முடிக்காமல் உங்கட பார்க்கிங் இடத்துக்கே கொண்டுவந்து விட்டுப் பாருங்கோ. சேல்ஸ்காரர் சிரிச்சால் சிரிக்கட்டும்.